ஒரு பூர்வகுடிக் கலைஞரால் தன் மொழிக்கும் சமூகத்துக்கும் உண்மையில் என்ன செய்துவிட முடியும்?

நிறையச் செய்ய முடியும். 2016 செப்டம்பரில் சிட்னி தாவரவியல் பூங்காவில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

புல்தரையில் வரிசை வரிசையாக வெள்ளைக் கேடயங்கள் கிடந்தன. மொத்தம் 15,000. ஒன்றின் அருகே குனிந்து பார்த்தேன். ஜிப்சத்தில் வார்த்தது, எலும்பின் வெளுப்பு, மேலே ஒரு கோடுகூட இல்லை.

அமைத்தவர் ஜொனதன் ஜோன்ஸ். விராஜுரி, காமிலராய் என்ற பூர்வகுடி மக்களின் மரபில் வந்தவர், கண்காட்சிகளைத் தொகுப்பவரும்கூட. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் தன் முன்னோர் செய்த பொருள்களைத் தேடி அருங்காட்சியகங்களுக்குப் போனார். அவை தீயில் போய்விட்டன என்றார்கள். 1879ஆம் ஆண்டின் சர்வதேசக் கண்காட்சிக்காக இதே பூங்காவில் கட்டிய கார்டன் பேலஸ், 1882 செப்டம்பர் 22 அதிகாலையில் எரிந்து சாம்பலானது. உள்ளே இருந்த பூர்வகுடிப் பொருள்களும் அதோடு போயின.

அந்த மாளிகை நின்ற தடத்தில்தான் கேடயங்களைக் கிடத்தியிருந்தார். அவற்றில் ஏன் கோடுகள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எரிந்துபோன கேடயங்களில் இருந்த சித்திரங்களுக்குப் பதிலாகத் தானாக எதையும் வரைந்து வைக்க அவர் முனையவில்லை. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இழப்பைக் காட்டுவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தந்தச் சமூகத்தாரோடு சேர்ந்து பதிவு செய்த எட்டு பூர்வகுடி மொழிகள் பூங்காவில் ஆங்காங்கே ஒலித்துக்கொண்டிருந்தன. மாளிகையின் குவிமாடம் இருந்த நடு இடத்தில் கங்காரு புல் வளர்ந்து நின்றது. அதன் விதையை அரைத்து ரொட்டி சுட்ட மக்களின் நிலம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் பிரிஸ்பேனில் 'கிரன்' என்றொரு படைப்பைக் காட்சிக்கு வைத்தார். விராஜுரி மொழியில் அதற்குக் காற்று என்று பொருள். ஏறத்தாழ 2,000 மரபுக் கருவிகள், அவற்றில் கட்டிய இறகுகள். பலரும் தங்கள் ஊரில் பொறுக்கிக் கொடுத்த இறகுகள் அவை. இதில் அவரோடு கைகோத்தவர் விராஜுரி மூத்தவர் ஸ்டான் கிராண்ட். அவர் சிறுவனாக இருந்தபோது, பேரனைத் தாய்மொழியில் கூப்பிட்டதற்காக அவருடைய தாத்தாவைக் காவலர் பிடித்துக்கொண்டுபோய் அடைத்தார். அந்தப் பேரன்தான் வளர்ந்து விராஜுரிக்கு அகராதி தொகுத்தார். 'கிரன்' வைத்திருந்த கூடத்தில், காற்றோசைக்கும் மூச்சோசைக்கும் நடுவே கேட்டது அதே மொழி.