பொள்ளாச்சியில் 80 மிமீ தொலைநோக்கியால் படம் எடுக்கிறேன். கைடிங் (ஒரு விண்மீனைப் பார்த்து நகர்வைத் திருத்துவது) நன்றாக இருந்தும் 3 நிமிட எக்ஸ்போஷரில் விண்மீன்கள் நீள்கின்றன. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்கு வேறு என்ன வாங்க வேண்டும்?

கைடிங் கிராஃப் ஆடாமல் இருக்கிறது, ஆனாலும் எல்லா விண்மீனும் ஒரே திசையில் நீள்கிறது என்றால் மவுண்டை மாற்ற வேண்டியதில்லைங்க. கைடிங்குக்காக மாட்டும் சின்னத் தொலைநோக்கியான கைடு ஸ்கோப்புக்கும், படமெடுக்கும் பெரிய குழாய்க்கும் நடுவே எங்கோ ஆட்டம் இருக்கிறது.

எவ்வளவு ஆட்டம் என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். 480 மிமீ குவிய நீளம், 3.9 மைக்ரான் பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு பிக்சல் ஏறக்குறைய 1.7 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் செகண்ட்). மூன்று பிக்சல் நீண்டால் 5 ஆர்க் செகண்ட். கைடு ஸ்கோப்பின் இரண்டு வளையங்களும் 10 செ.மீ. தள்ளி இருந்தால், ஒரு முனை வெறும் 2.4 மைக்ரான் இறங்கினாலே இந்த 5 ஆர்க் செகண்ட் வந்துவிடும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நைலான் திருகு வைத்த வளையமும், ஃபைண்டர் எனும் குறிபார்க்கும் குழாயை மாட்டும் சின்ன ஷூவும் இதற்குத் தாங்காது.

அதனால் முதல் செலவு இங்கேதான். குழாயைப் பிடிக்கும் இரண்டு வளையங்களின் மேல் ஓர் அலுமினியத் தகட்டைப் போல்ட் போட்டு முடுக்கி, கைடு ஸ்கோப்பைச் சுற்றிவளைத்து இறுக்கும் உலோகக் கிளாம்பால் அதில் உட்காரவையுங்கள். கீழேயும் மவுண்டில் பொருத்தும் டவ்டெயில் பட்டையை நீளமானதாகப் போடுங்கள். இதையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் நல்ல லேத் பட்டறையில் மாதிரியைக் காட்டினால் செய்துவிடுவார்கள். கேமரா மாட்டும் ஃபோகஸரையும் கையால் அசைத்துப் பாருங்கள். கேமரா எடைக்கு அது தொங்கினாலும் இதே கோடுதான் வரும்.

அடுத்தது பியர் எக்ஸ்டென்ஷன், அதாவது முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே வைக்கும் குழாய்த் துண்டு. குளிர்நாட்டுக்காரர்கள் இது இல்லாமலும் பெரும்பாலும் சமாளிக்கலாம், நமக்கு அப்படியில்லை. பொள்ளாச்சி 10.7 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் மவுண்டின் துருவ அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். சமன் எடை மாட்டும் கம்பி நேர்கீழே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து தொங்கும். முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். காலைத் திருப்பி வைத்தால் இடிக்காது, ஆனால் பாரமெல்லாம் வடக்கே தள்ளியிருப்பதால் முக்காலி சாயப் பார்க்கும். அப்புறம், கார்த்திகைக் கூட்டமும் ஓரியன் நெபுலாவும் நம் ஊரில் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்து போகின்றன. அந்த நேரம் கேமரா இருக்கும் முனை கீழே இறங்கி முக்காலியில் முட்டும். இந்தக் குழாய்த் துண்டை வைத்து மவுண்டை உயர்த்தினால் இரண்டு தொல்லையும் தீரும். பின்னாளில் வேறு மவுண்ட் வாங்கினாலும், எந்த அட்சரேகை வரை இறங்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய்ய விலை உயர்ந்த போலார் கேமரா விற்கிறார்கள். உங்களுக்கு வேண்டாம். துருவ நட்சத்திரம் நம் ஊரில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 10.7 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். 60 மீட்டர் தள்ளி நிற்கும் 15 மீட்டர் தென்னை மரம் அதை மறைத்துவிடும். பொள்ளாச்சித் தோட்டத்தில் தென்னைக்கா பஞ்சம்? போதாததற்குக் கோவை வெளிச்சமும் வடக்கேதான். நினா என்ற இலவச மென்பொருளில், வானத்தில் மூன்று இடத்தைப் படமெடுத்து அச்சைச் சரிபார்க்கும் வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குத் துருவ நட்சத்திரமே தேவையில்லை.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். கம்பியின் கோடியில் ஒரே எடையை வைக்காமல், இன்னோர் எடையும் சேர்த்து அச்சுக்குப் பக்கத்தில் தள்ளுங்கள். ஒயர்களை வெல்க்ரோவால் கட்டுங்கள், தொங்கினால் இழுக்கும். மார்கழிப் பனிக்கு லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை அவசியம்.

விண்மீன் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கமாகத் துள்ளினால் அது காற்று. அதற்குத் துணைக்கருவி கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பட்டறை வேலையை முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.