பட்டா ஏக்கர் வேறு, உழுத ஏக்கர் வேறு

அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியின்போது ஒரு பண்ணை எத்தனை ஏக்கர்?
எந்தக் காலனி, எந்த ஆண்டு? அதை எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். வடக்கே 100 ஏக்கரைச் சுற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாதிக்கு மேல் காடும் மேய்ச்சலும்தான்.

வடகிழக்கே நியூ இங்கிலாந்துக் காலனிகளில் பண்ணைகள் ஏன் சிறியவை?
கல். ஒவ்வொரு பனிக்காலமும் மண்ணுக்கடியிலிருந்து புதுக் கற்களை மேலே தள்ளும். பொறுக்கி வயலோரம் அடுக்கிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. போதாததற்கு, 1660களில் கோதுமையில் துரு நோய் வந்தது; மக்காச்சோளத்தையும் ரை என்னும் தானியத்தையும் நம்பினார்கள். அப்புறம் பிள்ளைகள் பாகம் பிரித்ததில் இன்னும் சிறுத்தது.

தெற்கில் எல்லாரும் ஆயிரம் ஏக்கர் பருத்தி முதலாளிகள்தானே?
இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. பருத்தியா? பஞ்சையும் விதையையும் பிரிக்கும் விட்னியின் ஜின்னிங் எந்திரமே 1793இல்தான் வந்தது. அதற்குள் காலனி ஆட்சி முடிந்துவிட்டது. வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் புகையிலை. தென் கரோலினாவில் நெல்லும் அவுரியும்.

ஏக்கர் கணக்குக்கு வருவோம். வர்ஜீனியாவில் ஒரு ஆளைக் கப்பலேற்றி அழைத்துவந்தால் 50 ஏக்கர் கிடைத்தது. அந்த நிலம் பயணக் கூலி கட்டியவருக்குத்தான். ஆனால் ஒரு ஆள் பார்க்கக்கூடிய புகையிலை இரண்டு மூன்று ஏக்கர். நாற்று நட வேண்டும், செடிக்குச் செடி நுனி கிள்ள வேண்டும், பக்கக் கிளை ஒடிக்க வேண்டும், இலை இலையாகப் புரட்டிப் புழு பொறுக்க வேண்டும். மூன்று நான்கு வெள்ளாமையில் மண் சோர்ந்துவிடும். அதைச் சுமார் 20 ஆண்டு தரிசாகப் போட்டுவிட்டுப் புதுக் காடு வெட்டுவார்கள். பத்திரத்தில் இருக்கும் மீதி ஏக்கரெல்லாம் அந்தக் காத்திருப்புக்குத்தான். ஆகவே ஏக்கரை விடுங்கள், கைகளை எண்ணுங்கள்: முதலில் ஒப்பந்தக் கூலிகள், பிறகு ஆப்பிரிக்க அடிமைகள். தெற்கிலும் பெரும்பாலோர் சிறு விவசாயிகளே.

கரோலினாவில் நெல் வேலை யாருக்குத் தெரிந்திருந்தது?
மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களுக்கு. குதிகாலால் விதையை மண்ணில் அழுத்தி மூடினார்கள். மர உரலில் குத்தினார்கள். புல் பின்னிய தட்டில் புடைத்தார்கள். நெல் விவசாயம் முழுக்க அவர்கள் கொண்டுவந்ததா என்று அறிஞர்களிடையே இன்னும் சண்டை. தென் கரோலினாவில் 1708 வாக்கிலேயே கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை.

வடக்கே சிறு விவசாயி, தெற்கே பெரும் பண்ணையார்: சரியா?
வடக்கே நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். லிவிங்ஸ்டன் குடும்பத்துக்குச் சுமார் 1,60,000 ஏக்கர். சரி, அதை உழுதது யார்? குத்தகைக்காரர்கள். கோதுமை அளந்தார்கள், கோழி கொடுத்தார்கள், வருடத்தில் சில நாள் கூலியில்லாமல் வண்டியும் ஓட்டினார்கள்.