கேளுங்கள் சொல்கிறோம்: பழைய வீடியோ கேம் பெட்டியில் கத்தி வைக்கும் முன்

பெரியப்பா 90களில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது மிஞ்சிய ஒரு பெட்டி குடோனில் கிடந்தது, இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கேம் போர்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிக்சர் டியூப், கம்பி, ஹேண்டில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உள்ளே இருப்பதை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு டிவியையும் கம்ப்யூட்டரையும் வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?
– ஈரோடு வாசகர்

தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் பின்கதவைத் திறந்து, எதிலும் கை வைக்காமல், டார்ச் அடித்து மட்டும் பாருங்கள். கம்பிக் கட்டு மொத்தமும் போய் நீளமான ஒரு கனெக்டரில் முடிகிறதா? ஒரு பக்கம் 28, மறுபக்கம் 28 என்று 56 முனைகள் இருந்தால் அது ஜம்மா கனெக்டர். ஜப்பானிய ஆர்கேட் தயாரிப்பாளர்கள் சங்கம் 1985-ல் கொண்டுவந்த முறை. கரண்ட், படம், சத்தம், இரண்டு பேருக்கான ஹேண்டில், பட்டன், காயின் எல்லாமே இந்த ஒரு கனெக்டர் வழியாகத்தான் போர்டுக்குப் போய் வரும். உங்கள் பெரியப்பா போன்றவர்கள் பெட்டியை மாற்றாமலேயே கேமை மட்டும் மாற்ற முடிந்ததற்கும் இதுதான் காரணம்: பழைய போர்டை உருவி, புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. அதே வசதி இன்றைக்கு உங்களுக்கும் இருக்கிறது. ஜம்மாவில் நேராகச் செருகக்கூடிய மல்டி கேம் போர்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. தம்பி கம்பியை அறுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும், பிறகு ஒவ்வொரு பட்டனுக்கும் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியதுதான்.

போர்டு வாங்கும் முன் பவர் சப்ளையைச் சோதியுங்கள். பெட்டிக்குள் ஒரு எஸ்எம்பிஎஸ் இருக்கும். அதிலிருந்து 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் வரும். மைனஸ் 5 பழைய போர்டுகளுக்குத் தேவைப்பட்டது, மல்டி கேம் போர்டுகள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. மல்டிமீட்டரை வைத்து கனெக்டரின் 3, 4-ஆம் முனைகளில் 5 வோல்ட், 6-ஆம் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 1, 2 இரண்டும் கிரவுண்டு. எண் எதற்கு எது என்று தெரியாவிட்டால் 7-ஆம் இடத்தைத் தேடுங்கள், அங்கே முனை இருக்காது, தலைகீழாகச் செருகாமல் இருப்பதற்காகச் சின்னத் தடுப்பு ஒன்று வைத்திருப்பார்கள். பழைய பெட்டிகளில் இந்தத் தடுப்பு உதிர்ந்து போயிருப்பது சகஜம். அப்போது கனெக்டரைத் தலைகீழாகச் செருகினால் புதுப் போர்டு செருகிய நிமிடமே போய்விடும், அதனால் போர்டின் பாகங்கள் இருக்கும் பக்கம், ஈயம் வைத்த பக்கம் எது எது என்று பார்த்து கனெக்டரில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

போர்டைச் செருகியபின் மறுபடியும் 5 வோல்ட்டை அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டும், போர்டு இழுக்க ஆரம்பித்ததும் 4.7-க்கு இறங்கிவிடும், கேம் பாதியில் ரீசெட் ஆகும், நீங்கள் போர்டைத் திட்டுவீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரால் திருகக்கூடிய சின்னக் குமிழ் இருக்கும். போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கனெக்டர் பக்கத்தில் அளந்தபடி, 5.0-க்கும் 5.1-க்கும் நடுவில் நிற்கும்வரை மெதுவாகத் திருப்புங்கள்.

இப்போது டியூப். கலர் டியூபின் மேலே ரப்பர் தொப்பி போட்டு ஒரு தடித்த சிவப்புக் கம்பி போகும் பாருங்கள், அதில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும், சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும். அந்தச் சார்ஜை இறக்கும் வேலையை யூடியூப் பார்த்து நீங்களே செய்ய வேண்டாம். உங்கள் ஊரில் பழைய டிவி மெக்கானிக் ஒருவராவது இன்னும் கடை வைத்திருப்பார், அவரைக் கூப்பிடுங்கள். சார்ஜை இறக்குவதும், டியூபுக்கு அந்த உயர் வோல்ட்டை உண்டாக்கும் எல்ஓடி நன்றாக இருக்கிறதா, டியூபில் எமிஷன், அதாவது வெளிச்சம் தரும் சக்தி, மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருக்குத் தினசரி வேலையாக இருந்தவை. படம் ஓரத்தில் சுருங்கினாலோ மேலே மடங்கினாலோ பெரும்பாலும் சேஸிஸில், அதாவது டியூபை ஓட்டும் போர்டில், இருக்கும் கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கும், மாற்றிவிட்டால் போதும். சேஸிஸ் மெயின் கரண்டிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறதா, ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள். அப்புறம், இரண்டு பின் பிளக் போட்டிருந்தால் மூன்று பின்னாக மாற்றி, காயின் கதவு, பட்டன் தகடு என்று இரும்பாக இருக்கும் எல்லாவற்றுக்கும் எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். கடையில் எப்படியோ ஓடியிருக்கலாம், வீட்டில் குழந்தைகள் ஈரக்கையோடு வந்து நிற்பார்கள்.

—

ஒரு விளம்பரத்தில் 3000 கேம் உள்ள போர்டு, இன்னொன்றில் 60 கேம் மட்டும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?
– மதுரை வாசகி

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 3000 என்று எழுதியிருக்கும் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால் ஒரே கேமின் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, யாரோ குண்டு தீராதபடி மாற்றிய பதிப்பு என்று ஐந்தாறு முறை வரும். உட்கார்ந்து யோசித்தால் நீங்கள் உண்மையில் ஆடப்போகும் கேம்கள் இருபதைத் தாண்டாது. அந்த இருபதை ஒரு தாளில் எழுதுங்கள், பட்ஜெட் உட்பட மற்ற முடிவெல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

தாளில் பேக்மேன், கலகா, டாங்கி காங் என்று 80களின் தொடக்கத்தில் வந்தவை நிறைய இருந்தால் அவையெல்லாம் டியூபை நெட்டுக்குத்தாக நிறுத்தி ஆடும் கேம்கள், 60 கேம் போர்டு அவற்றுக்கென்றே செய்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ், மெட்டல் ஸ்லக் என்று எழுதியிருந்தால் டியூப் கிடைமட்டமாக இருக்க வேண்டும், பாண்டோரா பாக்ஸ் வகைப் போர்டுகள் சரிப்படும். இரண்டும் வேண்டும் என்றால் ஏதோ ஒன்றில் படம் சின்னதாகி, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதைச் சகித்துக்கொள்வதா, கேமைக் குறைப்பதா என்பது உங்கள் பாடு. என்னைக் கேட்டால் குறைத்துவிடுவேன்.

ராஸ்பெர்ரி பை நல்ல பொருள்தான். பை 3 இருந்தாலே மேலே சொன்ன சண்டை கேம்கள் தாராளமாக ஓடும். ஆனால் வேலை அதிகம், செருகினோம் ஓடியது என்று இருக்காது. அதன் ஹெச்டிஎம்ஐ படம் பழைய டியூபுக்கு நேராகப் போகாது, டியூபுக்கு 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் வேண்டும், அதற்கும் பட்டன்களுக்கும் சேர்த்து ஜம்மாவோடு இணைக்கும் தனி அட்டை வாங்க வேண்டும். அட்டையில் ஆம்ப்ளிஃபயர் இல்லையென்றால் அதையும் தனியாக வைக்க வேண்டும். கேம் ஃபைல்கள் ஒவ்வொரு எமுலேட்டரின், அதாவது பழைய கேம் போர்டைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளின், பதிப்புக்கும் பொருந்தியிருக்க வேண்டும். பையில் போடும் ரெட்ரோபை என்ற கேம் மென்பொருள் தொகுப்பில் இருக்கும் மேம் 2003 என்ற எமுலேட்டர் 0.78 பதிப்பின் ஃபைல்களைத்தான் எடுத்துக்கொள்ளும், வேறு பதிப்பின் ஃபைலைப் போட்டால் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு மெனுவுக்கே திரும்பிவிடும். முறைப்படி ஷட்டவுன் செய்யாமல் மெயின் சுவிட்சை அணைத்தால் எஸ்டி கார்டு ஒரு நாள் கெட்டுப்போகும். இதையெல்லாம் நோண்டுவது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் பை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைப் போட்டதும் பிள்ளைகள் ஆட வேண்டும் என்றால் போர்டு. எந்தப் போர்டானாலும் சிஜிஏ, அதாவது 15 கிலோஹெர்ட்ஸ் வெளியீடு உண்டா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், புதிதாக வருபவற்றில் சிலவற்றில் அது இருப்பதில்லை.

—

டியூப் போய்விட்டது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். 32 இன்ச் எல்இடி டிவியைப் பொருத்தலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பொருத்தலாம், ஆனால் பெட்டியின் பக்கச் சுவரை அறுக்க வேண்டியிருக்கும், படமும் குண்டாக இழுபட்டுத் தெரியும். இந்தக் கேம்கள் எல்லாம் 4-க்கு 3 என்ற அளவில் வரைந்தவை. பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைகளில் 20 இன்ச், 1600-க்கு 1200 மானிட்டர் கிடைத்தால் உடனே எடுத்துவிடுங்கள், அது சரியான 4-க்கு 3. கிடைக்காவிட்டால் 19 இன்ச் சதுர மானிட்டர், அது 5-க்கு 4, வித்தியாசம் கண்ணை உறுத்தாது. டிவியே வேண்டும் என்றால் செட்டிங்கில் கேம் மோடு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவே ஒரு இடைவெளி விழும். சண்டை கேமில் அதற்குள் அடி விழுந்துவிடும்.

—

எங்களுக்கு முஸ்தஃபா வேண்டும். மூன்று பேர் ஆட வேண்டும். முடியுமா?
– கும்பகோணத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள்

கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். கேப்காம் 1993-ல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்ற கேமை நம் ஊரில் யாரும் அந்தப் பெயரில் கேட்டதில்லை, அதில் வரும் முஸ்தஃபா கைரோவின் பெயரே கேமின் பெயர். கேமே மூன்று பேருக்குச் செய்ததுதான். சிக்கல் ஜம்மாவில் இருக்கிறது, அதில் இரண்டு பேருக்குத்தான் கம்பி. மூன்றாவது ஆளுக்குத் தனிக் கனெக்டர் போட வேண்டும், மல்டி கேம் போர்டுகளில் பலவும் இரண்டு பேரோடு நின்றுவிடும். பை அல்லது மினி பிசி வைத்தால் மூன்றாவது ஹேண்டிலுக்கு, பட்டன் கம்பிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு யுஎஸ்பி என்கோடர் அட்டை போதும். இந்தக் கேமுக்கு இரண்டே பட்டன் தேவை, அடி, குதி, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கொஞ்சம் உயிர் செலவில் சிறப்பு அடி, அதனால் பட்டன் வேலை சுலபம். பலகை அகலம்தான் பிரச்சினை. பெட்டிக்கு வெளியே இருபுறமும் கொஞ்சம் நீளும்படி புதுப் பலகை அடித்துக்கொள்ளுங்கள், பழைய பலகையை எறியாமல் எடுத்து வையுங்கள்.

—

எல்லாம் முடித்துவிட்டேன், ஆனால் பேக்மேனில் மூலை திரும்பும்போது மட்டும் நின்றுவிடுகிறது. ஹேண்டில் புதுசு. தவிர இரண்டாவது ஆளின் பட்டன் எதுவுமே வேலை செய்யவில்லை.
– சேலம் வாசகர்

முதல் பிரச்சினைக்கு ஹேண்டில் புதுசாக இருப்பதே காரணம். இப்போது விற்பவை எட்டுத் திசை ஹேண்டில்கள், பேக்மேன் நான்கு திசைக்கு எழுதியது. நீங்கள் மேலே தள்ளும்போது கை கொஞ்சம் சாய்ந்தால் மேல், வலது இரண்டு சுவிட்சும் சேர்ந்து அழுந்தும், கேம் குழம்பும். ஹேண்டிலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், பல மாடல்களில் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும், 45 டிகிரி திருப்பி மாட்டினால் மூலைகள் அடைபட்டு நான்கு திசையாகிவிடும். சண்டை கேம் ஆடும்போது மறுபடி திருப்பிக்கொள்ள வேண்டும், இது கொஞ்சம் எரிச்சல்தான்.

இரண்டாவது, கிரவுண்டு கம்பி. பட்டன்களின் காமன் முனைகள் எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று ஒரே கம்பியில் கோத்துப் போகும், நடுவில் ஒரு கிளிப் கழன்றால் அதற்குப் பிறகு இருக்கும் அத்தனையும் செத்துவிடும். கடைசியாக வேலை செய்யும் பட்டனுக்கும் முதலில் வேலை செய்யாத பட்டனுக்கும் நடுவே பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கம்பியை பட்டன் சுவிட்சின் என்சி (அழுத்தாதபோது இணைந்திருக்கும்) முனையில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள், என்ஓ (அழுத்தினால் இணையும்) முனையில்தான் இருக்க வேண்டும்.

—

காயின் போட்டால்தான் ஓட வேண்டும் என்று மகள் அடம் பிடிக்கிறாள். பழைய காயின் பெட்டி ஒரு ரூபாயைக் கீழே துப்பிவிடுகிறது.
– கோவை வாசகி

அது 90களின் ஒரு ரூபாய்க்கு அமைத்திருப்பார்கள், அந்தக் காசு 25 மி.மீ. அகலம். 2011-க்குப் பிறகு வருவது ஏறக்குறைய 22 மி.மீ., எடையும் குறைவு, அதனால் ஏற்காமல் தள்ளிவிடுகிறது. வீட்டு உண்டியலில் பழைய காசு இருந்தால் அதையே டோக்கனாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மாதிரிக் காசை உள்ளே செருகி ஒப்பிடும் எலக்ட்ரானிக் காயின் பெட்டி வாங்குங்கள், 12 வோல்ட்டில் ஓடும், அது உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இருக்கிறது.

—

இந்தக் கேம்களை டவுன்லோட் செய்வது சட்டப்படி சரியா?
– சென்னை வாசகர்

எமுலேட்டர் சட்டப்படி சரி. மேம் 1997-ல் நிகோலா சால்மோரியா தொடங்கியது, 2016 முதல் முழுவதும் ஓப்பன் சோர்ஸ். கேம் ஃபைல்கள் அப்படி அல்ல, கேம் பழசானதால் பதிப்புரிமை போய்விடாது. மலிவு மல்டி போர்டுகள் எல்லாம் உரிமை வாங்கி விற்கிறார்கள் என்றும் நம்ப வேண்டாம். கிரிட்லி, ராபி ரோட்டோ போன்ற சிலவற்றை உரிமையாளர் அனுமதியோடு மேம் தளத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் கேப்காமின் பழைய கேம்களின் தொகுப்பான கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம் 2021-லிருந்து பிசியில் கிடைக்கிறது, மினி பிசி வைத்தால் பெட்டிக்குள்ளேயே ஓட்டலாம். முஸ்தஃபா அதில் இல்லை. ஒரு காமிக்ஸைத் தழுவிய கேம் என்பதால் அதில் கேப்காமைத் தவிர வேறு உரிமையாளர்களும் உண்டு, இன்றுவரை வீட்டுக் கன்சோல் எதற்கும் அது வந்ததில்லை.

—

சிங்கப்பூரில் ஒருவர் ஜப்பானிய செகா ஆஸ்ட்ரோ சிட்டி பெட்டியை விற்கிறார். வாங்கி மல்டி கேமாக மாற்றலாமா?
– சிங்கப்பூர் வாசகர்

வாங்குங்கள், மாற்றாதீர்கள். 1993-ல் வந்த பெட்டி, 29 இன்ச் டியூப், உள்ளே ஜம்மா. மல்டி போர்டு ஒன்றைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் உருவிவிடலாம். அதில் துளை போட்டாலோ டியூபை எடுத்து எல்சிடி வைத்தாலோ மறுவிற்பனையில் அடி விழும். அது ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்தது, உங்கள் ஊர் 230. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவரில் செருகிவிடாதீர்கள், விற்பவர் அதையும் சேர்த்துத் தருகிறாரா என்று விலை பேசும்போதே கேளுங்கள்.