சியெனாவில் காசு கொடுக்காமல் காரை எங்கே நிறுத்துவது?

கேள்வி: ஜூன் கடைசியில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். பிளாரன்ஸில் வாடகைக் கார் எடுத்து, ஜூன் 30 மாலை சியெனா போய்ச் சேர்ந்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் மாலை பிசாவுக்குக் கிளம்புவதாகத் திட்டம். நான்கு பேர், அம்மாவுக்கு முழங்கால் வலி. கோட்டைச் சுவரை ஒட்டிய பார்க்கிங் எல்லாமே கட்டணம் என்கிறார்கள். இலவசமாக நிறுத்த வழி உண்டா? வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது சரியா?

பதில்: வழி உண்டு. ஆனால் பார்க்கிங்குக்கு முன் தேதியைப் பாருங்கள். ஜூலை 2 அன்று சியெனாவில் ஊரின் பேட்டைகளுக்கு இடையே பாலியோ குதிரைப் பந்தயம். ஜூன் 29 அன்றே எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்று குலுக்கிப் போட்டுவிடுவார்கள். அன்று மாலை தொடங்கி பந்தயநாள் காலை வரை பியாட்ஸா டெல் காம்போ சதுக்கத்தில் ஆறு ஒத்திகை ஓட்டங்கள் நடக்கும். ஜூலை 1 மாலை கடைசிப் பெரிய ஒத்திகை. அன்றிரவு ஒவ்வொரு பேட்டையும் தெருவில் மேசை போட்டு விருந்து வைக்கும். நீங்கள் ஊரில் இருக்கப்போவது சரியாக அந்த நடு நாட்களில். பார்க்கக் கொடுத்துவைத்த நாட்கள்தான், ஆனால் கார் நிறுத்த ஆண்டிலேயே மோசமான நாட்கள். இரண்டாவது பாலியோ வரும் ஆகஸ்ட் 13 முதல் 16 வரையும் இதே கதை. தேதியை மாற்ற முடியாது என்றால் ஜூன் 30 மாலைக்குப் பதில் காலை பத்து மணிக்குள் ஊருக்கு வெளியே காரை நிறுத்திவிடுங்கள். மாலை ஒத்திகைக்குக் கூட்டம் ஏறும் நேரத்தில் வந்தால் இலவச இடமும் இருக்காது, கட்டண இடமும் இருக்காது.

இனி, சுவருக்குள் ஏன் இலவச இடம் கிடைக்காது என்பது. இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 7-வது பிரிவு, ஒரு நகராட்சி கட்டணப் பார்க்கிங் வைத்தால் அதன் அருகிலேயே போதுமான அளவு இலவச இடமும் விட வேண்டும் என்கிறது. அதே பிரிவு, நடைபாதைப் பகுதிகளுக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்கும் வரலாற்றுச் சிறப்புள்ள பகுதிகளுக்கும் விலக்கு கொடுத்துவிடுகிறது. பழைய நகரம் என்றால் அந்த மூன்றும் சேர்ந்ததுதான். ஆகவே சுவருக்குள் தெருத் தெருவாகச் சுற்றி ‘ஓர் இடமாவது அகப்படாதா’ என்று தேடுவது வீண். வீண் மட்டுமில்லை, அந்தச் சுற்றலில்தான் அபராதம் விழுகிறது.

அந்தக் கட்டுப்பாட்டு மண்டலத்தின் பெயர் இசட்.டி.எல். சியெனாவில் ஏறக்குறைய சுவருக்கு உட்பட்ட முழு ஊரும் இதில் அடக்கம். வாயிலில் தடுப்புக் கம்பி இருக்கும், யாராவது கை காட்டி நிறுத்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை வட்டம் உள்ள பலகை, அதன் மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுவது மின்பலகையில்: ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பொருள் நேர் எதிர். வார்க்கோ என்றால் வாயில்; அத்தீவோ என்றால் அதன் கண்காணிப்பு இயங்குகிறது, அனுமதி இல்லாதவர் நுழையக் கூடாது என்று அர்த்தம். ‘நோன் அத்தீவோ’ என்று இருந்தால்தான் போகலாம்.

அபராதம் 83 யூரோவிலிருந்து தொடங்குகிறது. நோட்டீஸ் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி, அதாவது 58.10 யூரோ, தபால் செலவு தனி. அறுபது நாளைத் தாண்டினால் தொகை இரு மடங்காகும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. ஊர் திரும்பி எல்லாம் மறந்த பிறகு கடிதம் வருவது இதனால்தான். அதற்கு முன்பே வாடகைக் கார் நிறுவனம் உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்த கூலி என்று ஒரு தொகையை உங்கள் கார்டில் எடுத்திருக்கும். அதுதான் அபராதம், கட்டி முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு.

ஆகவே வழிகாட்டிச் செயலியில் விடுதியின் பெயரையோ ‘பியாட்ஸா டெல் காம்போ’ என்றோ போட்டு ஓட்டாதீர்கள். செயலி குறுக்குவழி என்று வாயிலுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எந்த நிறுத்துமிடம் என்று முடிவு செய்து அதன் பெயரைப் போடுங்கள். அது நிரம்பியிருந்தால் போக வேண்டிய இரண்டாவது இடத்தையும் கிளம்பும் முன்பே சேமித்து வையுங்கள்.

கோடுகளின் நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் ஒதுக்கப்பட்டது (மாற்றுத்திறனாளிகள், சரக்கு இறக்குவோர், அனுமதி பெற்றோர்). இளஞ்சிவப்பு கர்ப்பிணிகளுக்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு வருகிற பெற்றோருக்கும். அதற்கும் அனுமதி அட்டை வேண்டும். இதில் வெள்ளைக் கோட்டை நம்பித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளை என்றால் காசு வேண்டாம் என்பது மட்டுமே உறுதி. எவ்வளவு நேரம், யாருக்கு என்பதைப் பலகைதான் சொல்லும். ‘ரெஸிதெந்தி’ என்ற சொல் இருந்தால் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். பிளாரன்ஸின் கட்டுப்பாட்டு வட்டாரங்களில் வெள்ளைக் கோடுகள் இப்படிக் குடியிருப்பவர்களுக்கே ஒதுக்கப்பட்டவை; அங்கே வெள்ளையைப் பார்த்து மகிழ்ந்து நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பலகையில் எழுத்தைவிடப் படங்கள் முக்கியம். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் வேலை நாளைக் குறிக்கும். சனிக்கிழமையும் இத்தாலியில் வேலை நாள்தான். ‘வார இறுதிதானே’ என்று விடாதீர்கள். சிலுவைப் படம் ஞாயிறுக்கும் அரசு விடுமுறைக்கும். நீலக் கோட்டுப் பலகையில் சுத்தியல் படத்தோடு 8-20 என்று மட்டும் இருந்தால், இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரையும் ஞாயிறு முழுக்கவும் அங்கே காசு கேட்க மாட்டார்கள். இலவசப் பார்க்கிங் என்றால் வெள்ளைக் கோட்டையே தேடுகிறவர்கள் தவறவிடுவது இதை. இரவு மட்டும் நிறுத்தினால் போதும் என்கிறவர்களுக்கு நீலக் கோடே இலவசம். எல்லா நீலக் கோடும் அப்படியல்ல. 0-24 என்றால் நாள் முழுக்கக் கட்டணம்.

வெள்ளைக் கோட்டுப் பலகையில் கடிகாரம் போன்ற வட்டும் ‘60 மின்.’ போன்ற எண்ணும் இருந்தால் அது நேர வரம்புள்ள இலவச இடம். அங்கே ‘தீஸ்கோ ஒராரியோ’ என்கிற அட்டைக் கடிகாரம் வேண்டும். வாடகைக் காரின் கையுறைப் பெட்டியிலோ கண்ணாடியின் ஓரத்திலோ பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் தபாக்கி எனப்படும் புகையிலைக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். வந்து சேர்ந்த நேரத்தை முள்ளில் வைத்து டாஷ்போர்டில் தெரியும்படி வையுங்கள். கிளம்பும் நேரத்தை வைப்பது தவறு. நடுவில் வந்து முள்ளைத் தள்ளி வைப்பதும் தவறுதான்.

இன்னும் ஒரு படம்: காரைத் தூக்கும் இழுவை வண்டி. அதோடு ஒரு கிழமையும் 0-6 போன்ற நேரமும் இருந்தால் அந்த இரவு தெருவைக் கழுவுகிறார்கள். அபராதம் மட்டுமென்றால் போகட்டும். காரையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரவு நிறுத்தும்போது தெருவின் இரு முனைப் பலகைகளையும் நடந்து போய்ப் படித்துவிட்டு, மறுநாள் என்ன கிழமை என்று யோசித்துப் பாருங்கள். நள்ளிரவு தாண்டினால் மறுநாள் ஆகிவிடும் என்பதை மறந்துதான் நிறையப் பேர் காரைத் தொலைக்கிறார்கள்.

கோடே இல்லாத தெருவில் நிறுத்தலாமா? தடை இல்லாவிட்டால் நிறுத்தலாம். சந்திப்பிலிருந்து ஐந்து மீட்டருக்குள் கூடாது. வண்டி போகும் திசையை நோக்கி வலது ஓரத்தில் நிற்க வேண்டும். எதிர்த் திசையில் மூக்கை வைத்து நிறுத்தினாலே அபராதம். ‘பாஸ்ஸோ கர்ராபிலே’ பலகை மாட்டிய கதவுக்கு முன் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அது ஒருவரின் வண்டி வாசல். வேறு குறிப்பு இல்லாத நிறுத்தத் தடைப் பலகை ஊருக்குள் காலை 8 முதல் இரவு 8 வரைதான் செல்லும். ஊருக்கு வெளியே நாள் முழுக்க.

சியெனாவுக்கு வருவோம். பிளாரன்ஸிலிருந்து வரும் விரைவுச் சாலைக்குச் சுங்கம் கிடையாது. இலவச நிறுத்துமிடங்கள் புறநகரில், பேருந்து மாறிப் போகும்படி அமைந்தவை: வடக்கே அக்வகால்தா, கிழக்கே துவே பொந்தி, தெற்கே கொரொஞ்சினா. நீங்கள் வடக்கிலிருந்து வருவதால் அக்வகால்தாதான் கைக்கு எட்டியது. அங்கிருந்து நகரப் பேருந்து பழைய ஊரின் விளிம்புவரை கொண்டுவிடும். இந்த மாதிரி இடங்களிலும் பாலியோ, சந்தை, பந்தயம் என்று தற்காலிகத் தடை ஒட்டுவார்கள். கம்பத்தில் கட்டிய காகிதத்தையும் படியுங்கள். புதன்கிழமை காலை ஃபொர்தெத்ஸா கோட்டையைச் சுற்றி வாரச் சந்தை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. பேருந்துச் சீட்டு ஒன்று 1.70 யூரோ என்று வைத்தால், நால்வருக்குப் போக வர 13.60 யூரோ. அதோடு காத்திருப்பு, நிற்க இடமில்லாத பாலியோக் கூட்டம், அம்மாவின் முழங்கால். சில மணி நேரம் மட்டும் ஊரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் குடும்பத்துக்கு ‘இலவசம்’ பல சமயம் கட்டணத்தைவிட அதிகம் பிடுங்கிவிடும். தனியாள், அல்லது காரை இரண்டு மூன்று நாள் அசையாமல் போட்டுவைப்பவர் என்றால் இலவச இடம் லாபம்.

உங்கள் விஷயத்தில் அம்மாவை மனதில் வைத்துச் சொல்கிறோம். சியெனா மூன்று மலை முகடுகளில் உட்கார்ந்த ஊர். கீழே நிறுத்தினால் ஏறியே ஆக வேண்டும். ஏற்றத்தைக் குறைப்பது எஸ்கலேட்டர்கள். ஃபோந்தெப்ராந்தா பக்கம் உள்ள சாந்த கத்தரீனா நிறுத்துமிடத்திலிருந்து எஸ்கலேட்டர் வரிசை மேலே டுவோமோ தேவாலயத்தின் அருகே கொண்டுவிடும். சான் ஃபிரான்செஸ்கோ பக்கமும் அதுபோல ஒன்று. இரண்டும் கட்டணம். ரயில் நிலையத்துக்கு எதிரே வணிக வளாகத்தின் அடியில் உள்ள நிறுத்துமிடமும் கட்டணம்தான், ஆனால் சுவரை ஒட்டியவற்றைவிட மலிவு. அங்கிருந்து நீண்ட எஸ்கலேட்டர் வரிசை போர்த்தா கமொல்லியா வாயிலுக்கு வெளியே ஏற்றிவிடும். அதன்பின் சதுக்கம் வரை அரை மணிக்குச் சற்றுக் குறைவான நடை; அம்மா நடக்க முடியாவிட்டால் நிலையத்திலிருந்தே பேருந்து ஏறலாம். ‘இல் காம்போ’ என்று ஒரு நிறுத்துமிடம் இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சதுக்கத்தின் அருகே என்று நம்ப வேண்டாம். அது தெற்கே போர்த்தா தூஃபி வாயில் பக்கம் இருக்கிறது, அங்கிருந்து ஏற்றம்.

இதையெல்லாம்விட எளிய வழி விடுதியிலேயே இருக்கிறது. இன்னும் முன்பதிவு செய்யவில்லை என்றால், சுவருக்கு வெளியே, சொந்த நிறுத்துமிடமும் அருகில் நகரப் பேருந்தும் உள்ள விடுதியாகப் பாருங்கள். இரவுக்கான பார்க்கிங் அங்கேயே தீர்ந்துவிடும். ஏற்கெனவே சுவருக்குள் பதிவு செய்துவிட்டீர்களா? விடுதிக்கு எழுதி இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கள் வண்டி எண்ணை இசட்.டி.எல். அனுமதிப் பட்டியலில் சேர்ப்பீர்களா, எத்தனை மணி நேரத்துக்கு? பாலியோ நாட்களிலும் அந்த அனுமதி செல்லுமா? பொதுவாக இந்த அனுமதி ஆளையும் பெட்டியையும் இறக்கிவிட்டு வெளியே வருவதற்கு மட்டுமே. உள்ளே இரவு நிறுத்துவதற்கில்லை. வாடகைக் காரின் எண் கையில் சாவி வாங்கும்போதுதான் தெரியும். அப்போதே நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அனுப்பி, ‘சேர்த்துவிட்டோம்’ என்ற பதில் எழுத்தில் வந்த பிறகு வாயிலுக்குள் நுழையுங்கள். விடுதி சொன்னதை நம்பி நுழைந்தும் அபராதக் கடிதம் வந்தால் அந்தப் பதில்தான் ஆதாரம்.

பிசாவைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் போகிற வழிதானே. சாய்ந்த கோபுரத்துக்கு வடமேற்கே வியா பியெத்ராசந்தீனாவில் உள்ள பெரிய நிறுத்துமிடம் நெடுங்காலமாகக் கார்களுக்கு இலவசமாக இருந்துவந்தது. கோபுரத்துக்குச் சமதளத்தில் பத்துப் பதினைந்து நிமிட நடை. இப்போதும் அப்படித்தானா என்று நுழைவில் உள்ள பலகையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாரன்ஸில் அந்தக் கவலையே வேண்டாம். ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கொஸ்தான்ஸாவில் காசு கொடுத்து நிறுத்திவிட்டு டி1 டிராமில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் உட்கார்ந்தால் சாந்தா மரியா நொவெல்லா நிலையம் வந்துவிடும். இசட்.டி.எல். பக்கம் சக்கரமே படாது.

எந்த இலவச இடமானாலும் காருக்குள் ஒரு பையும் தெரியக் கூடாது. பெட்டிகளைப் பின்பக்கத்தில் வைத்துப் பூட்டுவதை அந்த இடத்தில் வந்து செய்யாமல், கிளம்பும் இடத்திலேயே செய்துவிட்டு வாருங்கள். நிறுத்துமிடத்தில் இறங்கி டிக்கியைத் திறந்து பெட்டிகளை அடுக்கும்போது, பார்ப்பவன் பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது வந்து ‘வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சில்லறை கேட்டால், அது சட்டப்படி தடைசெய்யப்பட்ட தொழில். கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கில்லை. ஆள் முரண்டு பிடிப்பதாகத் தோன்றினால் வாதாடாமல் இரண்டாவது இடத்துக்குப் போய்விடுங்கள். அதைத்தான் முன்பே சேமித்து வைக்கச் சொன்னோம்.