முட்டைக்கோஸுக்கு யார் முடி சூட்டுவது?

கே: வெளிநாட்டில் இருக்கும் மகன், ஒரு சீன ஓவியக் கண்காட்சியில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தான். முட்டைக்கோஸ், மிளகாய், சருகு வாரும் மூங்கில் வாரி, எண்ணெய் விளக்கருகே ஒரு எலி! வரைந்தவர் சி பைஷியாம். இதையெல்லாம் போயா வரைவார்கள்?
– வாசகி, தென்காசி

ப: முதலில் பெயர். ‘சி’யைக் குறிலாகவே சொல்லுங்கள், நீட்டினால் பெரியவரைத் திட்டியது போலாகிவிடும்.

அவர் அந்தச் சாமான்களோடு வளர்ந்தவர் அம்மா. 1864-இல் ஹூனான் மாநிலத்தின் சியாங்தான் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். மாடு மேய்த்தார், சுள்ளி பொறுக்கினார். பையன் வீடு திரும்புவது காதில் விழ வேண்டுமென்று பாட்டி ஒரு மணியைக் கட்டிவிட்டார். மாட்டுக்கு அல்ல, பேரனுக்கு! நோஞ்சான் உடம்பு வயலுக்குத் தாங்காது என்று தச்சு வேலைக்கு அனுப்பினார்கள். மரத்தில் பூவேலை செதுக்கினார். வேலைக்குப் போன இடத்தில் ஓவியப் பாடநூல் ஒன்றைப் பார்த்து, இரவல் வாங்கி, இரவுகளில் பக்கம் பக்கமாகப் படியெடுத்தார். பெய்ஜிங்கில் குடியேறியது 50 வயதைக் கடந்த பிறகுதான்.

அந்த மூங்கில் வாரியை வரைந்துவிட்டு, படத்தின் மேலேயே எழுதுகிறார்: சின்ன வயதில் நான் புழங்கிய பொருள்களை ஒவ்வொன்றாக வரையப் போகிறேன் என்று. அதுவரை படித்தவர்களின் ஓவியத்தில் மூங்கில் வரலாம், மூங்கில் வாரி வராது. இன்னொரு படத்தில், பியோனி பூக்களின் அரசன், லிச்சி பழங்களில் முதல், முட்டைக்கோஸை மட்டும் ஏன் காய்கறிகளின் அரசன் என்று யாரும் சொல்வதில்லை என்று கேட்கிறார். நியாயமான கேள்விதானே?

கே: அவருடைய இறால் படத்தில் தண்ணீரையே காணோமே?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: இறால் நீந்துகிறது, அது போதாதா? கிண்ணத்தில் இறால் வளர்த்து, மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர். வெளிர் மையில் உடம்பு. தலையில் ஒரு சொட்டுக் கறுப்பு மை. அவ்வளவில் கண்ணாடி போலாகிவிடுகிறது. வயது ஏற ஏற, கால்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தார். நானும் அவர் பயன்படுத்திய மாதிரித் தாள் வாங்கி ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். தாள் மையை உடனே குடித்துவிடும், அழிக்க வழியில்லை. எனக்கு வந்தது தேள்.

கே: முட்டைக்கோஸ் வரைந்து பிழைக்க முடிந்ததா?
– வாசகர், ஈரோடு

ப: பெய்ஜிங்கில் முதலில் சீந்துவாரில்லை. 1922-இல் நண்பர் சென் ஷிசெங் இவருடைய படங்களை டோக்கியோ கண்காட்சிக்கு எடுத்துப் போனார். நல்ல விலைக்கு விற்றுத் தீர்ந்தன, அப்புறம் ஊரிலும் மவுசு. 2017-இல் அவருடைய 12 தொங்கு படங்கள் சேர்ந்து 93 கோடி யுவானுக்கு மேல் ஏலம் போயின. ஆனால் அவை மலையும் ஆறும், முட்டைக்கோஸ் இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு. 1927-இல் ஒருவர் வந்து, ‘பணம் சேரும் படம்’ கேட்டார். செல்வத்தின் தெய்வத்தை வரையட்டுமா? வேண்டாம். அதிகாரியின் முத்திரையும் உடுப்பும்? வேண்டாம். கத்தி, துப்பாக்கி, கயிறு? ஐயோ, அதுவும் வேண்டாம், கடைக்காரர் கணக்குப் போடும் மணிச்சட்டம் எப்படி? ‘பேஷ்! யாருக்கும் ஆபத்தில்லாமல் அடுத்தவர் காசை வாங்கும் கருவி’ என்று ஒரே மூச்சில் வரைந்து கொடுத்தார். வந்தவர் போனதும் இன்னொன்று வரைந்து, தன் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டார்.