டிராகனைக் கொன்றவனுக்கு ஊரில் என்ன வேலை?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, பகடை உருட்டி ஆளாளுக்கு ஒரு பாத்திரமாகக் கதை நடத்தும் மேசை விளையாட்டைப் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: லெவல் ஏறி மலையைப் புரட்டுகிற ஆட்களை வைத்துக்கொண்டு ஊர், சந்தை, ராஜா எல்லாம் எப்படி ஓடும் என்று. நாலை எடுத்துக்கொண்டேன்.

நான் எங்கள் குழுவுக்கு டி.எம். (கதையை நடத்துகிற ஆள்). எல்லாரும் ஒன்பதாவது லெவல். போன வாரம் ஒரு சந்தை ஊர் வாசலில் ஆயுதத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்ன நாலு காவலரையும் வெட்டிவிட்டார்கள். பாடம் கற்பிக்க பன்னிரண்டாவது லெவல் காவல்படையை இறக்கினேன். "இப்படிப்பட்ட ஆட்கள் ஊரிலேயே இருந்தால் போன மாதம் கோப்ளின் (குட்டிப் பூதம்) தொல்லைக்கு எங்களை ஏன் கூப்பிட்டார்கள்?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. (வாசகர், செந்தூல்)

அவன் கேட்டது நியாயம்தானே. நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் விளையாடுவோம், நான் அனுப்பிய காவல்படைத் தலைவனைப் பார்த்ததும் எங்கள் போர்வீரன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "இவரையே டிராகன்கிட்ட அனுப்புங்க, நான் தே தாரே குடிச்சிட்டு வர்றேன்" என்று நிஜமாகவே படியிறங்கிப் போய்விட்டான்.

கணக்கைப் பாருங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் சாதாரண ஊர்க்காரனுக்கு உயிர்ப்புள்ளி 4. ஐந்தாவது லெவல் மந்திரவாதி வீசும் தீப்பந்துக்கு எட்டு ஆறுமுகப் பகடை, விழுகிற மொத்தம்தான் அடி. எட்டிலும் ஒன்று ஒன்றாக விழுந்து, ஊர்க்காரன் சமாளித்துப் பாதி அடி மட்டும் வாங்கினாலும் அந்தப் பாதியே 4, ஆள் காலி. அதாவது அந்த வட்டத்துக்குள் நிற்கிற ஊர்க்காரன் எவனும் பிழைக்க வழியே இல்லை. இந்த விளையாட்டுக்கு மூலமாக இருந்த 1971-ஆம் வருடத்துப் போர் விதிகளிலேயே 'ஹீரோ' என்றால் நாலு ஆள் பலம், 'சூப்பர் ஹீரோ' என்றால் எட்டு ஆள் பலம் என்றுதான் எழுதி வைத்தார்கள். படையோடு சேர்த்து எண்ணப்பட்டவன் அவன், அவனை நாலு காவலர் தடுப்பது ஆகிற காரியமா?

ராஜா இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். இப்படி ஒருத்தன் வந்தால் காவலரையா அனுப்புவார்? பல்லக்கை அனுப்புவார். பட்டம் கொடுப்பார், நிலம் கொடுப்பார், முடிந்தால் பெண்ணும் கொடுப்பார். மிரட்ட முடியாத ஆளை ஊருக்குள் இழுத்து உட்கார வைப்பதுதான் பழைய வித்தை. (மலேசியாவில் கொடுக்கிற டத்தோ பட்டம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களாகச் சிரித்தால் நான் பொறுப்பில்லை.) நம் கோலாலம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். யாப் ஆ லோய் 1868-ல் கப்பித்தான் (சீனர்களுக்குத் தலைவர்) ஆனபோது அவரிடம் ஈயச் சுரங்கமும் சண்டைக்கு ஆட்களும் இருந்தார்கள், சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் அடிபட்டு, அழிந்த ஊரைத் திரும்பக் கட்டி, 1885-ல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பதவி வந்ததும் ஊரில் யார் யாரை அடித்தாலும் பஞ்சாயத்து அவர் வாசலுக்கு வந்துவிடும். பலசாலியை அடக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

பழைய விதி எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. 1978-ல் வந்த விளையாட்டுக்காரர் கையேட்டில் போர்வீரன் ஒன்பதாவது லெவலைத் தொட்டால் 'லார்ட்', ஒரு பகுதியில் இருக்கும் பேய் பூதங்களை விரட்டி, கோட்டை கட்டி, குடியிருப்பவர்களிடம் தலைக்கு மாதம் 7 வெள்ளிக்காசு வசூலிக்கலாம். உங்கள் ஆட்களும் ஒன்பதுதான், பொருத்தத்தைக் கவனித்தீர்களா?

சரி, அடுத்த வாரம் என்ன செய்வது? காவல்படையை அப்படியே மறந்துவிடுங்கள். அந்த நாலு காவலருக்கும் பெயர் வையுங்கள். ஆட்கள் சந்தைக்குள் நுழைந்ததும் கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை போட்டு மூடட்டும். கொல்லனுக்குக் காய்ச்சல், சத்திரத்தில் இடமில்லை, குதிரைக்குப் புல் இல்லை. யாரும் கத்தியைத் தூக்கமாட்டார்கள், வாயையும் திறக்கமாட்டார்கள். செத்த காவலரில் ஒருவருடைய அம்மா மட்டும் வந்து மகனின் செருப்பைக் கேட்கட்டும். ஒரு வாரம் கழித்து ராஜாவிடமிருந்து ஓலை வரும். அவர்களைக் கைது செய்யச் சொல்லி அல்ல, அதே சந்தைக்குக் காவல் அதிகாரிகளாக நியமித்து. அந்த நாலு குடும்பத்துக்கும் படி அளப்பது இனி அவர்கள் பொறுப்பு.

மாட்டேன் என்றால்? அப்போது இன்னொரு வீரனைத் தேடிப்பிடித்து அனுப்புவார். மலாய்ப் பழங்கதையில் ஹங் ஜெபாட் என்ற வீரன் அரண்மனையைப் பிடித்துக்கொண்டபோது மலாக்கா சுல்தானுக்கு வேறு வழி தெரியவில்லை, தானே கொல்லச் சொன்ன ஹங் துவாவைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது, அதுவும் பெண்டஹாரா (முதலமைச்சர்) அவரை ஒளித்து வைத்திருந்ததால் பிழைத்தார்கள். நம் மதுரை வீரன் கதையும் பக்கத்திலேயே நிற்கிறது. கள்ளரை அடக்க ஆள் வேண்டும், அடக்கி முடித்ததும் சந்தேகம், மாறுகால் மாறுகை. அப்புறம் ஊரே காவல் தெய்வமாக்கிக் கும்பிடுகிறது, தோட்டத்துக் கோயில்களில் சுருட்டு வைத்துப் படையல் போடுகிறது. வீரன் ஊரோடு ஒட்டாமல் போனால் கதை எங்கே போகும் என்று இந்த இரண்டையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

என் குழு குகையில் கிடைத்த 3,000 தங்கக்காசையும் ஒரு சின்ன கிராமத்துக்குத் தானம் செய்துவிட்டது. புண்ணியம்தானே, இதில் என்ன பிரச்சினை வரும்? (வாசகர், பட்டர்வொர்த்)

வரும். ஐந்தாம் பதிப்பில் கூலியாளுக்கு நாள் சம்பளம் 2 வெள்ளிக்காசு, ஒரு தங்கத்துக்குப் பத்து வெள்ளி. முழு இரும்புக் கவசத்தின் விலை 1,500 தங்கம், அதாவது ஒரு கூலியாள் ஒரு நாள் விடாமல் இருபது வருடம் உழைத்தாலும் கொஞ்சம் குறையும். அதை உடம்பில் மாட்டிக்கொண்டுதான் உங்கள் வீரன் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறான். கோழி விலை 2 செப்புக்காசு, ஒரு தங்கக்காசுக்கு 50 கோழி. காலையில் நாசி லெமாக் கடையில் நூறு ரிங்கிட் நோட்டை நீட்டிப் பாருங்கள், அந்த அக்கா ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வைதான்.

அந்த 3,000 ஊருக்குள் இறங்கினால் முதல் நாள் விருந்து. இரண்டாம் நாள் நாற்று நட ஆள் கிடைக்காது. கோழி விலை ஏறும், பக்கத்து ஊர் வியாபாரி வண்டி கட்டிக்கொண்டு வருவான், வரி வசூலிப்பவன் அவனுக்கு முன்னால் வருவான், வழிப்பறிக்காரன் இருவருக்கும் பின்னால். தானம் கெட்ட காரியம் என்று சொல்லவில்லை. பணமாகக் கொடுக்காமல் ஒரு பாலமோ ஏரிக்கரையோ கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதை யாரும் மடியில் கட்டிக்கொண்டு ஓட முடியாது.

செத்தவரை எழுப்பும் மந்திரம் இருக்கும்போது பணக்காரர்கள் ஏன் சாகிறார்கள்? (வாசகர், பங்சார்)

அந்த மந்திரம் லேசில் கிடைக்காது, அதனால். செத்துப் பத்து நாளுக்குள் இருக்க வேண்டும், 500 தங்கம் பெறும் வைரம் வேண்டும், ஒன்பதாவது லெவல் பூசாரியும் வேண்டும். உங்கள் உலகத்தில் வைர வியாபாரம் யார் கையில் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும்.

எங்கள் மந்திரவாதி ராஜா ஆகியே தீருவேன் என்கிறான். விடலாமா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

தாராளமாக விடுங்கள். எங்கள் மேசையில் ஒருத்தி ஆனாள். எரிகல் மழை வரவழைக்கிறவள், எதிர்த்து நிற்க ஆளில்லை, முடிசூட்டு விழா எல்லாம் தடபுடலாக முடிந்தது. மறுநாள் காலை அரசவைக்கு அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். டுரியான் மரம் அண்ணன் வேலிக்குள், கிளை தம்பி பக்கம், ராத்திரி தானாக விழுந்த பழம் யாருக்கு? அண்ணனுக்கு என்றாள். தம்பி மனைவி, அந்த மரத்துக்கு இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றியது தன் மாமியார் என்று ஆரம்பித்தார். மரத்தையே எரித்துவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தாள், இருவரும் சேர்ந்துகொண்டு அழுதார்கள். நாங்கள் ஏழு மணிக்கு உட்கார்ந்தவர்கள், பத்தரைக்கு எழுந்தபோதும் தீர்ப்பு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள், முதல் பக்கத்தில் வேலியும் கிளையும் அளவோடு வரைந்திருந்தது.