பூஜ்யத்துக்குப் பணம் கட்டாதீர்கள்!

கம்பெனி செல்போன் செலவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் நம் பதில்களும்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் அறுபது எழுபது பேரிடம் ஆபீஸ் சிம் இருக்கிறது. பில் மாதா மாதம் ஏறுகிறது. "யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று லிஸ்ட் எடும்மா, இரண்டு பேரைப் பிடித்தால் மற்றவர்கள் தானாக அடங்குவார்கள்" என்கிறார் முதலாளி. எனக்கு அதில் இஷ்டமில்லை. வேறு எங்கிருந்து ஆரம்பிப்பது?
- அக்கவுன்ட்ஸில் வேலை பார்க்கும் வாசகி

பதில்: உங்கள் தயக்கம் மனிதாபிமானத்தால் வந்ததாக இருக்கலாம், ஆனால் கணக்குப் பார்த்தாலும் அதுதான் சரி. இப்போது பல பிளான்களில் உள்நாட்டு அழைப்புகளுக்குத் தனிக் கட்டணமே இல்லை. ஒருவர் வீட்டாரோடு அரை மணி நேரம் பேசினாலும் பேசாவிட்டாலும் பில்லில் அதே தொகைதான் வரும். அந்த இரண்டு பேரைப் பிடித்து, முகம் சுளிக்க வைத்து, கடைசியில் மிச்சமாவது மனக்கசப்பு மட்டும்தான்.

முதலில் கடந்த மூன்று மாத பில்லை எண் வாரியாக, எக்செல்லில் திறக்கிற மாதிரி நெட்வொர்க்காரர்களிடம் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃப் கொடுத்தால் ஏற்காதீர்கள், அதை வைத்துக்கொண்டு கண் வலிப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. எல்லோரும் அதை வாங்கியதும் அதிகம் செலவழித்தவரை மேலே கொண்டுவருவார்கள். நீங்கள் தலைகீழாக அடுக்குங்கள். குறைவாகப் பயன்படுத்திய எண்கள் மேலே வரட்டும். அழைப்பு பூஜ்யம், டேட்டா பூஜ்யம், ஆனால் வாடகை மட்டும் முழுசாக என்று வரிசையாக நிற்கும் பாருங்கள், பணம் போகிற இடம் அதுதான். வேலையை விட்டுப் போனவர் திருப்பிக் கொடுத்து டிராயரில் கிடக்கும் சிம், எப்போதோ ஒரு கண்காட்சிக்காக வாங்கிய, லேப்டாப்பில் செருகும் இன்டர்நெட் டாங்கிள், யாரும் சார்ஜ் போடாத டேப்லெட். யாரும் குற்றவாளி இல்லாத செலவு என்பதால் யாரும் இதைத் தேடுவதும் இல்லை.

ஆனால் பூஜ்யத்தைப் பார்த்த வேகத்தில் கேன்சல் செய்துவிடாதீர்கள். லிஃப்டில் இருக்கும் அவசர போன், திருட்டு அலாரம், ஜெனரேட்டரைக் கண்காணிக்கும் கருவி இவற்றுக்குள்ளும் சிம் இருக்கும், மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஆபத்து வரும் அன்றைக்கு மட்டும் பேசும். இன்னொன்று இதைவிட வம்பானது: பேங்க் கணக்குக்கோ, வரி தாக்கல் செய்யும் லாகினுக்கோ, கம்பெனி வெப்சைட்டின் டொமைனுக்கோ (இணைய முகவரிக்கோ) யாரோ ஒரு காலத்தில் கொடுத்த எண் அந்த டிராயர் சிம்மாக இருக்கலாம். ரத்து செய்த எண்ணைச் சில காலம் கழித்து நெட்வொர்க் வேறு யாருக்காவது கொடுத்துவிடும், உங்கள் ஓடிபி அவர் கையில் போய் விழும். அதனால் அந்த லாகின்களில் எந்த எண் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, சந்தேகமானவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். ஒரு பில் சுற்று போகட்டும். யாரும் கத்தவில்லை என்றால் மூடிவிடலாம்.

அப்புறம் அதே எக்செல்லில் "இதர கட்டணம்" என்ற பத்தியையும் பாருங்கள். தவணை முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் போன் கட்டணம், யாரும் கேட்காத ஹேண்ட்செட் இன்ஷூரன்ஸ், யாரோ தெரியாமல் அழுத்திய சந்தா எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். ஒப்பந்தம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தமாக இருந்தால் பேரம் பேச உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதற்கு முந்தைய சில வாரங்கள்தான்.

கேள்வி: வேலை விஷயமாக வெளிநாடு போய் வந்தேன். டேட்டா ரோமிங்கை அணைத்துத்தான் வைத்திருந்தேன், சத்தியமாக. ஆனாலும் பில் எகிறி, ஆபீஸில் என்னைத் திருடனைப் போலப் பார்க்கிறார்கள். எப்படி இது?
- ஒரு விற்பனைப் பிரதிநிதி

பதில்: உங்களை நம்புகிறேன். டேட்டாவை அணைத்தால் டேட்டாதான் நிற்கும், அழைப்பு நிற்காது. பழைய ஏற்பாடு ஒன்று இன்னும் பல நெட்வொர்க்குகளில் இருக்கிறது: வெளிநாட்டில் உங்கள் போன் அடித்து நீங்கள் எடுக்காவிட்டால், அந்த அழைப்பு அங்கே வந்ததற்கு ஒரு கட்டணம், அங்கிருந்து திரும்ப உங்கள் ஊர் வாய்ஸ்மெயிலுக்கு (எடுக்காத அழைப்பில் பேசுவதைப் பதிந்து வைக்கும் பெட்டிக்கு) போனதற்கு இன்னொரு சர்வதேசக் கட்டணம். நீங்கள் மீட்டிங்கில் உட்கார்ந்து போனைத் தொடாமலே இருந்திருப்பீர்கள், அது பாட்டுக்கு ஏறியிருக்கும். கிளம்பும் முன் ##002# அடித்து அழைப்பை வேறிடத்துக்குத் திருப்பிவிடும் எல்லா ஃபார்வர்டிங்கையும் ரத்து செய்துவிட்டுப் போனால் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் இந்தத் தொல்லை இல்லை. திரும்பி வந்ததும் வாய்ஸ்மெயிலை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பலிலோ விமானத்திலோ போனீர்களா? சிலவற்றில் உள்ளுக்குள்ளேயே ஒரு குட்டி டவர் இருக்கும், அது செயற்கைக்கோள் வழியாக இணையும், கட்டணம் தனி ரகம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் கூடுதல் ரோமிங் கட்டணத்தை ஒழித்தார்கள் அல்லவா, அந்தச் சலுகைகூட இந்த நெட்வொர்க்குகளுக்குக் கிடையாது. ஏறியதும் ஏரோபிளேன் மோட் போட்டு, வேண்டுமென்றால் வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். எல்லையோர ஊர் என்றால் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் கையால் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து நாட்டு டவரைப் போன் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த பயணத்துக்குப் போகும் நாட்டின் டேட்டா பிளான் ஒன்றை இசிம்மில் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்மில்) போட்டுக்கொண்டு, ஆபீஸ் எண்ணை ஓடிபிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் அழைப்பின்போது டேட்டாவை மற்ற லைனுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதை அணைக்க மறந்து, ஆபீஸ் லைனில் டேட்டா ரோமிங்கும் ஆனில் இருந்தால் ஆபீஸ் பில் மறுபடி எகிறலாம்.

உங்கள் மேலாளருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு நெட்வொர்க்கின் கணக்கு தாமதமாகத்தான் வந்து சேரும், "வரம்பு தாண்டியது" என்ற எச்சரிக்கை எஸ்எம்எஸ் வருவதற்குள் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். எச்சரிக்கையை நம்பாமல், தொகை எட்டியதும் இணைப்பே துண்டாகும் உச்சவரம்பைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: களப்பணிக்குப் போகிறவர்கள் லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து வேலை செய்கிறார்கள். மெயில்தான் பார்த்தோம் என்கிறார்கள், டேட்டாவோ ஜிபி கணக்கில் போகிறது.

பதில்: அவர்கள் மெயில்தான் பார்த்தார்கள், லேப்டாப் மற்றதைப் பார்த்துக்கொண்டது. ஹாட்ஸ்பாட்டை அது பெரும்பாலும் சாதாரண வைஃபை என்றுதான் நினைக்கும். "ஆஹா, நல்ல நேரம்" என்று அப்டேட்டை இறக்கும், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் எல்லாவற்றையும் ஒத்திசைக்கும். விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் போய் "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்யச் சொல்லுங்கள், மேக்கில் "லோ டேட்டா மோட்". போனிலும் புகைப்பட பேக்கப் வைஃபையில் மட்டும் என்று இருக்கட்டும். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிட வேலை, சுற்றறிக்கை அனுப்பாமல் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் அன்லிமிடெட் போட்டுவிட்டால் தலைவலி தீருமா?

பதில்: தலைவலி தீரும், செலவு குறையாது. பாதிப் பேர் வைஃபையிலேயே இருப்பவர்கள், அவர்களுக்கு எதற்கு? பொது டேட்டா தொகுப்பாக வாங்கி எல்லோரும் அதிலிருந்து எடுக்கிற பிளான் கிடைத்தால் அதைக் கேளுங்கள். அன்லிமிடெட் என்று எழுதியிருந்தாலும் எந்த அளவுக்கு மேல் வேகம் குறையும் என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள்.

கேள்வி: போன் தொலைந்தால் ஸ்கிரீன் லாக் இருக்கிறதே, பில்லுக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. ஸ்கிரீன் லாக் போனுக்குத்தான் காவல், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் முடிந்தது. அதிலிருந்து, அழைத்தால் அதிகக் கட்டணம் விழும் பிரீமியம் எண்களுக்கு விடிய விடிய அழைத்து வருமானத்தில் பங்கு வாங்கும் மோசடி உலகம் முழுக்க உண்டு, சனிக்கிழமை இரவு திருடினால் திங்கள் காலைதான் ஆபீஸுக்கே தெரியும். எல்லா சிம்முக்கும் பின் (PIN) எண் போடுங்கள், நெட்வொர்க்காரர் கொடுத்த 0000, 1234 வேண்டாம். மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டைத் திறக்கும் 8 இலக்க பியூகே (PUK) எண்ணைக் கேட்கும், அதையும் 10 முறை தப்பாக அடித்தால் சிம் செத்துவிடும். பியூகே பட்டியலை ஆபீஸில் வைத்திருங்கள். தேவைப்படாதவர்களுக்கு சர்வதேச, பிரீமியம் அழைப்புகளை முன்கூட்டியே தடுக்கச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

கேள்வி: சொந்த போன், சொந்த எண்ணையே பயன்படுத்துங்கள், மாதம் ஒரு தொகை தருகிறோம் என்கிறது கம்பெனி. ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: தொகை போதுமா என்பதைவிட, உங்கள் போனில் கம்பெனி போடும் மென்பொருள் எதையெல்லாம் பார்க்கும், எதையெல்லாம் அழிக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். சில ஏற்பாடுகளில் ஆபீஸ் பகுதியை மட்டும் அழிக்க முடியும், சிலவற்றில் உங்கள் குழந்தையின் போட்டோ வரை சேர்ந்து போகும். கம்பெனிக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: நீங்கள் வேலையை விட்டால் வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் எண் உங்களோடு போய்விடும். மிச்சம் பிடிக்கப் போய் வியாபாரத்தை விடுவார்கள். அதே போனில் கம்பெனி பெயரில் இரண்டாவது லைன் ஒன்றை இசிம்மாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்புகிறோம். ஒரு செய்திக்கு இரண்டு மூன்று என்று கணக்கு வருகிறது, ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழ் போன்ற எழுத்துகளுக்கான யூனிகோடு என்றால் 70. அதைத் தாண்டித் துண்டானால் ஒவ்வொரு துண்டுக்கும் 67தான். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், "நன்றி" கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஐந்து. ஆங்கிலச் செய்தியிலும் ஒரு ஸ்மைலி வைத்தாலே முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். தமிழை விட்டுவிடாதீர்கள், "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களே" என்பதை விட்டுவிடுங்கள், அதுவே பாதியைத் தின்கிறது.